கூலிப் பணத்தில் எழுந்த கோவில்கள்

கோலார் தங்கவயலில் ஒரு கிறிஸ்தவரிடம் "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்தே அவருடைய கொள்ளுத்தாத்தா எந்தப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். லுத்தரன் சபை என்றால் ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கம். சி.எஸ்.ஐ. என்றால் குடியாத்தம், வேலூர், சித்தூர். ரோமன் கத்தோலிக்கர் என்றால் சேத்துப்பட்டு, ஆரணி, போளூர். எல்லாக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கலியாணத்தில் சபை மாறியவர்கள் உண்டு. இங்கே வந்தபிறகு ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. ஆனாலும் பத்தில் பாதிக்கு மேல் சரியாக இருக்கும் என்பது என் அனுபவம்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் சி.எஸ்.ஐ. சபையின் கமிட்டியில் நீண்ட காலம் செயலாளராக இருந்ததால் பழைய பதிவேடுகள் என் கைக்கு வந்தன. அவற்றைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டது. இங்குள்ள கோவில்களை வெள்ளைக்கார மிஷனரிகள் கட்டினார்கள், சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்தது என்று வெளியூரில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மிஷனரிகள் வழிகாட்டினார்கள், உண்மை. கம்பெனி இடம் விட்டது, அதுவும் உண்மை. ஆனால் சபையை இந்த ஊருக்குத் தலையில் சுமந்து வந்தவர்களும், சம்பள நாளில் காசு எடுத்து வைத்து அதை வளர்த்தவர்களும் சுரங்கக் கூலிகள்தான்.

தாது வருஷத்திலிருந்து தொடங்கும் கதை

தங்கவயல் சபைகளின் கதை தங்கவயலில் தொடங்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது. வட ஆற்காடு மாவட்டச் சேரிகளில் நிலமும் இல்லாமல், கூலி வேலையும் இல்லாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் கஞ்சித் தொட்டி வைத்தவர்களிலும், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்களிலும் மிஷன்காரர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் ரிஃபார்ம்டு திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் ஆற்காடு மிஷனை அமைத்திருந்தார்கள். பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தந்த ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண். சேத்துப்பட்டில் பாரிஸ் மிஷன் சபையின் தாரஸ் சாமியார் கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கோலார் டவுனில் லூயிசா ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஒரு விடுதி நடத்தினார். 1890-ல் அது அமெரிக்க மெதடிஸ்டுகளின் கைக்கு வந்தது. கோலாரில் இன்றும் ஈ.டி.சி.எம். ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும் மருத்துவமனை அந்த மிஷன் 1910-ல் தொடங்கியது. கிருஷ்ணகிரிக்கு 1890-களின் நடுவில் மிசௌரி லுத்தரன் மிஷனின் தியோடோர் நேதரும் ஃபிரான்ஸ் மோனும் வந்தார்கள். நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்து கிருஷ்ணகிரி மண்ணிலேயே அடக்கமானார்.

இந்த மாவட்டங்களுக்கெல்லாம் நடுவில், மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில், 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்க வேலையைக் கையிலெடுத்தது. சில வருடங்களில் நல்ல ரீஃப், அதாவது தங்கம் உள்ள பாறை அடுக்கு, அகப்பட்டது. ஆள் வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று மேஸ்திரிகள் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்தார்கள். பண்ணையாரின் வயலில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்குக் காசாகக் கூலி கிடைக்கும் என்ற செய்தியே பெரிய செய்தி. குடியாத்தத்தில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை வழியாக அன்றைய பௌரிங்பேட்டையில் இறங்கினார்கள். இன்று அது பங்காரப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப் பாதை போட்டது 1894-ல்தான். அதற்கு முன் வந்தவர்கள் மீதித் தூரத்தை நடந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் 30,000 பேர் வரை இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசிய ஆதிதிராவிடர்கள்.

என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் எழுத்து கற்றவர். வரும்போது ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு வேதப்புத்தகம், ஒரு பாட்டுப்புத்தகம். எங்கள் ஆயா சொல்லுவார்: "உங்க தாத்தாவுக்கு வேலை கெடைக்கறதுக்கு முன்னாடியே ஜெபக்கூட்டம் கெடைச்சிடுச்சு." இங்கே ஏற்கெனவே வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் ஞாயிறு மாலை நாலைந்து குடும்பங்கள் கூடி ஜெபித்து வந்தார்களாம்.

லைன் வீட்டில் ஆராதனை

ஒரு சபை எப்படிப் பிறக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கோபுரமும் மணியும் வந்தபிறகுதான் சபை வந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் கட்டடம் கடைசியில் வருவது.

தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்புக்கு லைன் என்று பெயர். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி கட்டி, மேலே தகரமோ ஓலையோ போட்ட வரிசை வீடுகள். ஒரே அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். அப்படி ஒரு தட்டி வீட்டின் வாசலில் பாய் விரித்து, நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு வைத்தால் அதுதான் கோவில். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேதபாகத்தை வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக் கேட்டே சங்கீதங்களை மனப்பாடமாக்கிக் கொண்டார்கள்.

அடுத்த படி உபதேசியார். குரு பட்டம் பெறாத, மிஷனில் பயிற்சி பெற்ற தமிழர். ஒரு சபையின் உண்மையான அஸ்திவாரம் அவர்தான். காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாலையில் லைன் லைனாக வீடு சந்திப்பு, யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் துணை, வேலையில் தகராறு என்றால் துரைக்கு மனு எழுதுவது, எல்லாம் அவர் வேலை. திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் குருவானவர் எப்போதாவது வந்து போவார். இடைப்பட்ட நாளெல்லாம் உபதேசியாரும் அவர் மனைவியும்தான்.

ஆள் பெருகியதும் ஒரு ஜெபவீடு வேண்டியிருக்கும். சுரங்கப் பகுதி நிலம் முழுவதும் கம்பெனிகள் சமஸ்தானத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்த நிலம். ஆகவே ஒரு தட்டிக் கொட்டகை போடுவதற்கும் கம்பெனியின் அனுமதி வேண்டும். கோவில், மசூதி, தேவாலயம் எதற்கும் இதே விதிதான். ஊர் பெருகி ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எல்லாம் உருவானபிறகு அங்கும் சபைகள் கிளைவிட்டன. சாம்பியன் ரீஃபில் கத்தோலிக்கரின் வெற்றி மாதா கோவில், லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள், பின்னால் பெந்தெகொஸ்தே கூடுகைகள் என்று, ஒரு லைனிலிருந்து கிளம்பி நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை விதமான ஆராதனையையும் பார்த்துவிடலாம்.

துரைமார்களுக்குத் தனி ஆராதனை இருந்தது. சுரங்க வேலை தெரிந்த மேலாளர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். அது மெதடிஸ்ட் சபை வேரூன்றிய மண். ஒரே வேதம், ஒரே பாட்டின் ராகம்கூடச் சில நேரம் ஒன்றுதான். ஆனாலும் ஆங்கில ஆராதனையும் தமிழ் ஆராதனையும் தனித்தனியே நடந்தன. கீழே சுரங்கத்தில் யார் உத்தரவிடுபவர், யார் பாறை உடைப்பவர் என்பது மேலே பெஞ்சு வரிசையிலும் தெரிந்தது. இதை மறைத்துச் சபை வரலாறு எழுதக் கூடாது.

பதிவேட்டின் ஒரு பக்கம்

எங்கள் சபையின் பழைய பதிவேடுகள் தடித்த காலிகோ அட்டை போட்டவை. ஓரங்களைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் குறுக்கே கோடு போட்ட கட்டங்கள்: பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், இருப்பிடம், தகப்பனின் தொழில், கொடுத்தவர் கையொப்பம்.

தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தாலே ஊரின் கதை கிடைத்துவிடும். முதல் பக்கங்களில் "மைன் கூலி", "மைன் கூலி", "மைன் கூலி" என்று ஒரே எழுத்து. கொஞ்சம் தள்ளி "டிம்பர்மேன்", "டிரில்லர்", "மேஸ்திரி". இன்னும் தள்ளி "பிட்டர்", "எலக்ட்ரீஷியன்". 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தின் தடம் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. அதன்பிறகு "உபாத்தியாயர்", "நர்ஸ்", "கிளார்க்".

கலியாணப் பதிவேடு இன்னும் தெளிவாகப் பேசும். பழைய பக்கங்களில் மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் என்று நான்கு கட்டத்திலும் நீல மையில் கட்டைவிரல் ரேகை. அதே குடும்பத்துப் பிள்ளைகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போடுகிறார், பெண் ரேகை வைக்கிறார். அடுத்த தலைமுறையில் பெண்ணின் கையெழுத்து, கொஞ்சம் நடுங்கினாலும் முழுப் பெயராக இருக்கிறது. சபை வளர்ந்தது என்று சொன்னால் தலை எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். ரேகை கையெழுத்தாக மாறிய அந்தப் பக்கங்களைத்தான் நான் வளர்ச்சி என்று காட்டுவேன்.

1930-ல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லோரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதுதான் காரணம். குற்றவாளிகளைப் போல எங்களை நடத்தாதே என்றார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கற்றவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு மானமும் கூடவே வரும்.

அடக்கப் பதிவேட்டைப் புரட்டக் கை வராது. ஒரு வயது நிறையாத பிள்ளைகள், பிளேக், காய்ச்சல். "மைன் விபத்து" என்று இரண்டே சொல்லில் முடிந்த வாழ்க்கைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். விபத்தில் தப்பியவர்களைப் பாறைத் தூசி சிலிக்கோசிஸாகப் பிடித்தது. ஆகவே இங்கே சபைக்கு முதல் வேலையே சாவுக்கு நிற்பது. பெட்டி வாங்க, குழி வெட்ட, விதவைக்கு ஒரு மாத அரிசி போடச் சபையில் பணம் இருந்தது. "சாவுக்கு வர்ற சபைதான் சபை" என்று ஆயா சொல்லுவார். அப்படி வந்து நின்றதைப் பார்த்துச் சேர்ந்த குடும்பங்கள் பல.

பிடி அரிசியும் பூசணிக்காய் ஏலமும்

பணம் எங்கிருந்து வந்தது? மூன்று வழிகள். முதலாவது சந்தா. சம்பள நாளன்று மாலை உபதேசியார் நோட்டுப் புத்தகத்தோடு லைனுக்கு வருவார். சாராயக் கடைக்குப் போகும் முன் பணத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பெண்களின் திட்டம். இரண்டாவது பிடி அரிசி. உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. ஞாயிறன்று அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பல வீட்டுப் புழுங்கலும் பச்சையும் கலந்த அந்த அரிசியை விற்றுக் காசாக்குவார்கள், அல்லது உபதேசியார் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள்.

மூன்றாவது அறுப்பின் பண்டிகை. வயலே இல்லாத ஊரில் அறுப்பின் பண்டிகையா என்று கேட்கலாம். வயலை விட்டுவிட்டு வந்தவர்கள், பண்டிகையை விடவில்லை. சந்தையில் வாங்கிய பூசணி, வீட்டில் வளர்த்த சேவல், வாசலில் பறித்த முருங்கைக்காய், அவித்த முட்டை, கைமுறுக்கு எல்லாம் பீடத்துக்கு முன்னால் வரும். ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் ஏலம். என் சிறுவயதில் ஏலம் விட்ட பெரியவருக்குச் சுரங்கத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல்.

"பூசணி... அஞ்சு ரூபா ஒரு தரம்!"

"ஏழு!"

"ஏழு ரூபா, நம்ம டிரில்லர் அண்ணன்! ஐயரம்மா, பார்த்துக்கிட்டே இருக்கீங்களே?"

"பத்துன்னு வைங்க."

பத்து ரூபாய்க்கு எடுத்த பூசணியைப் போதகர் மனைவி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். மறுபடியும் மேஜையில் வைப்பார். மறுபடி ஏலம். ஒரே காய் மூன்று, நான்கு கை மாறும். கடைசியில் எடுத்தவர் அதைப் பக்கத்து லைனில் ஆண் துணை இல்லாத ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் கோவிலின் ஓட்டுக் கூரையைத் தளமாக மாற்றியதற்கு இப்படி வந்த பணம்தான் பெரும்பங்கு.

சபை தன் போதகரின் சம்பளத்தைத் தானே கொடுக்க முடிந்தால்தான் அது சொந்தக் காலில் நிற்கும் சபை. மிஷன் பணத்தை எதிர்பார்க்கும் வரை வளர்ந்த பிள்ளை ஆகவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், வெஸ்லியன் மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. எங்கள் பெயர்ப்பலகை அன்றோடு மாறியது. அமெரிக்க மெதடிஸ்ட் வழி வந்த சபைகள் சேராமல் தனியே நின்றன. லுத்தரன்கள் 1958-ல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தார்கள். தலைமை இந்தியர் கைக்கு வந்தது பெரிய மாற்றம். பிடி அரிசி போட்டுப் பழகிய சபைகளுக்கு அந்த மாற்றம் பாரமாகத் தெரியவில்லை.

ஒரே லைன், பல வழிகள்

இதே லைன்களில் இன்னொரு பெரிய இயக்கமும் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்த தமிழ்ப் பௌத்தர்கள் மாரிக்குப்பத்தில் சங்கம் வைத்தார்கள், புத்தகங்கள் அச்சிட்டார்கள், "தமிழன்" பத்திரிகையை அவருக்குப் பிறகு இங்கிருந்து நடத்தினார்கள். அண்ணன் பௌத்தர், தம்பி கிறிஸ்தவர், பெரியப்பா வீட்டில் மாரியம்மன் என்ற குடும்பங்கள் இங்கே சகஜம். தேடியது எல்லோரும் ஒன்றைத்தான்: சேரி என்ற பெயரைத் தாண்டி மனிதராக நிமிர ஓர் இடம்.

ஆனால் சட்டம் இந்தச் சகோதரர்களை வேறுவேறாகப் பார்த்தது. 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணை இந்து மதத்தைச் சேர்ந்தவருக்கு மட்டும் அந்தத் தகுதியை வைத்தது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இல்லை. ஆகவே இங்குள்ள பல வீடுகளில் கோவிலில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். ஒரே லைன், ஒரே தூசி, ஒரே இருமல், ஆனால் ஞானஸ்நானத்துக்குத் தண்டனை. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை சட்டத்தில் இருக்கிறது.

தங்கம் நின்றபின்

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசுக்கும் வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். ஊருக்கு நேரம் சொன்ன சங்கும் நின்றது. அந்த வருடம் எங்கள் சபையில் சந்தா கொடுக்க முடியாதவர்களின் பட்டியல் நீண்டது. ஆனாலும் ஆராதனை ஒரு ஞாயிறுகூட நிற்கவில்லை. போதகர் சம்பளத்தை எப்படிக் கொடுப்பது என்று கமிட்டி கூடியபோது, ஒரு விதவைத் தாய் எழுந்து, "மறுபடியும் பிடி அரிசி போடுவோம், ஐயா" என்றார். போட்டோம்.

இன்று எங்கள் இளைஞர்கள் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். வாரம் முழுவதும் ரயிலில் தூங்கியவர்கள் ஞாயிறு காலை கொயரில் நிற்கிறார்கள். பெங்களூரிலேயே குடியேறியவர்கள் அங்குள்ள தமிழ்ச் சபைகளில் சேர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் ஊருக்கு வந்து ஏலம் எடுப்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். நூறு வருடத்துக்கு முன் குடியாத்தத்திலிருந்து இங்கே நடந்தது இப்போது இங்கிருந்து பெங்களூரில் நடக்கிறது.

என் கவலை வேறு. பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் திரையில் போட்டால்தான் பாடுகிறார்கள். கன்னடம் அவர்களுக்குச் சோறு போடும் மொழி. அதை நன்றாகவே கற்கட்டும். ஆனால் கூலிக்காரத் தாத்தாக்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது ஞாயிறு பள்ளிதான். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் சபையில் ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பு நடத்துகிறேன். மற்ற சபைகளிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம்.

இன்னும் இரண்டு வேலைகள் அவசரம். கம்பெனி நிலத்தில் நிற்கும் ஆலயங்கள் தங்கள் இடத்தின் அனுமதிக் கடிதங்களையும் வரைபடங்களையும் தேடி எடுத்து ஒழுங்குபடுத்த வேண்டும். சுரங்க நிலம் என்ன ஆகும் என்ற பேச்சு வரும்போது, காகிதம் கையில் இருப்பவரின் சொல்தான் எடுபடும். அடுத்தது பதிவேடுகள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து ஒரு பிரதியைச் சபையிலும், ஒரு பிரதியைப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடத்திலும் வைக்கலாம். தங்கவயலில் 800 டனுக்கும் மேல் தங்கம் எடுத்ததற்குக் கம்பெனிக் கணக்கு இருக்கிறது. அதை எடுத்தவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாரைக் கட்டிக்கொண்டார்கள், எந்த வயதில் இறந்தார்கள் என்பதற்குப் பல குடும்பங்களில் சபைப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. கரையான் முந்திக்கொள்ளும் முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.